பானையும் பதமும்

சோறு வெந்துவிட்டதா என்று அறிய விரும்பும் தாய் பானை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. அகப்பையாற் சிறிது எடுத்து, ஒரு பருக்கையை விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கிப் பார்க்கின்றாள். அடுப்பை அவிப்பதா, இன்னும் ஒரு விறகைத் தள்ளுவதா என்பதை அக்கணமே தீர்மானித்துவிடுகின்றாள். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நம்முன்னோர் கூறியது இதனையே. வடநூலார் இதனைத் தாலீபுலாக நியாயம் என்பர்.

இந்த நியாயத்தையே முதலாகக் கொண்டு இக்காலத்திலே உலகமெங்கும் ஒரு பெருந்தொழில் நடைபெறுகின்றது. ஒரு நாட்டிலே பாராளுமன்றத் தேர்தல் அணுகியவுடன், ஆயிரம் பேரை வினாவி, கோடிக்கணக்கானோர் எக்கட்சிக்கு வாக்களிப்பர் என்று கூறுகின்றார்கள். கருத்துக் கணிப்பு என்பது இதன் பெயர். பத்திரிகைகள் அதனைத் தலைப்பிலே இடுகின்றன. கட்சித் தலைவர்கள், தமக்கு அது சாதகமாயின் விஞ்ஞானம் என்றும், பாதகமாயிற் சூழ்ச்சி என்றும் கூறுகின்றார்கள். நம்மவருள் ஒருசாரார் அதனைச் சாத்திரியார் சொல்லும் பலனோடு சேர்த்து வைக்கின்றனர். மற்றொருசாரார் தேர்தல் முடிவே வந்துவிட்டதுபோல அதனை நம்புகின்றனர். இவ்விரண்டும் பிழை என்பதே என் கருத்து. அது சோதிடமும் அன்று, தீர்ப்பும் அன்று. அஃது ஓர் அளவை. அளவை எதுவாயினும் அதன் இலக்கணத்தை அறிந்தவனுக்கே பயன்படும். அறியாதவனை அது மயக்கும்.

முதலாவதாக எழும் ஐயம், ஆயிரம் பேரின் சொல் கோடி பேருக்கு எவ்வாறு பொருந்தும் என்பது. ஒரு சாக்கிலே செந்நிற விதைகளும் கருநிற விதைகளும் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் விதைகளை எடுத்து எண்ணினால், செவ்விதை சரியாக 500 வருவது அரிது. ஆயினும், இச்சோதனையை இருபது முறை செய்தால், பத்தொன்பது முறையளவில் அது 470க்கும் 530க்கும் இடையிலேயே நிற்கும். இதனையே கணிப்பாளர் நூற்றுக்கு 3 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று கூறுகின்றனர். வழுவைப் பாதியாக்க விரும்பினால் இருமடங்கு விதை போதாது. நான்கு மடங்கு, அதாவது 4,000 வேண்டும். சாக்குச் சிறிதா, பண்டகசாலையளவு பெரிதா என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டே அன்று. சிறிய பானைக்கும் பெரிய பானைக்கும் ஒரு சோறே போதும் என்று நம் தாய்மார் அறிந்ததும் இதுவே.

ஆனால், பழமொழி சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. பதம் பார்க்குமுன் தாய் பானையைத் துழாவுகின்றாள். துழாவாத பானையிலே மேற்சோறு வேகாதிருக்க அடிச்சோறு குழைந்துபோயிருக்கும். மேலே கிடந்த பருக்கைகளை நூறு எடுத்து நசுக்கினாலும் அடியிலிருப்பதை அறியமுடியாது. ஆகவே எத்தனை பருக்கை என்பதிலும், எவ்வாறு எடுத்த பருக்கை என்பதே முதன்மையான வினா.

தமிழருக்கு இது புதிய கருத்தன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையைக் கூறுகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தார்கள். ஏன் சிறுவன்? அவன் கைக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற வேற்றுமை இல்லை. எடுக்கும் கை ஒருபாற் சாயலாகாது என்பதே அங்கே விதி. அவர்கள் அதனைக்கொண்டு வாரிய உறுப்பினரைத் தெரிந்தார்கள். இக்காலத்தவர் அதே விதியைக்கொண்டு வினாவப்பட வேண்டியோரைத் தெரிகின்றார்கள். நோக்கம் வேறு, குடமும் குலுக்கலும் ஒன்றே.

இவ்விதியை மறந்தோர் பட்ட பாட்டுக்கு ஐக்கிய அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு நிகழ்ந்தது சான்றாகும். அது சனாதிபதித் தேர்தலாயினும் பின்வந்த பாராளுமன்றத் தேர்தற் கணிப்புக்களுக்கெல்லாம் அதுவே முதற்பாடம். லிற்றறரி டைஜெஸ்ற் என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுக்களை அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுக்கள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லண்டன் என்னும் வேட்பாளர் றூஸ்வெல்ற்றை எளிதில் வெல்வார் என்று அது அறிவித்தது. றூஸ்வெல்ற்றோ நூற்றுக்கு ஏறத்தாழ 61 வாக்குகளைப் பெற்று, 48 மாநிலங்களுள் 46ஐக் கைப்பற்றினார். கலப் என்பவர் ஏறத்தாழ 50,000 பேரை மாத்திரம் வினாவி, றூஸ்வெல்ற்றே வெல்வார் என்று முன்னரே கூறியிருந்தார்.

வழு எங்கே நேர்ந்தது? சஞ்சிகை தன் சந்தாதாரர் பட்டியலிலிருந்தும், தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும், மோட்டார் வண்டி வைத்திருப்போர் பதிவேட்டிலிருந்தும் பெயர்களை எடுத்தது. நாடு பொருளாதார மந்தத்தில் வாடிய அக்காலத்திலே தொலைபேசியும் வண்டியும் யாரிடம் இருந்தன? மேற்சோற்றை மாத்திரம் அள்ளினார்கள். அன்றியும், சீட்டைப் பெற்றவர்களுள் நான்கிலொரு பங்கினரே மறுமொழி அனுப்பினர். அனுப்பாதோர் மனம் அனுப்பினோர் மனம்போன்றது என்று கொள்வதற்கு ஆதாரம் யாதும் இல்லை. 23 இலட்சம் என்னும் பேரெண் அவர்கள் கண்ணை மறைத்துவிட்டது. அச்சஞ்சிகை 1938இல் நின்றுபோயிற்று.

வெற்றிபெற்ற கலப்பும் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் இடறினார். 1948இல் டியூயியே வெல்வார் என்று அவர் நிறுவனமும் பிற நிறுவனங்களும் கூறின, வென்றவர் றூமன். இத்தனை ஆடவர், இத்தனை மகளிர், இத்தனை முதியோர் என்று பங்கு வகுத்துக் கொடுத்து, அப்பங்குக்குள் யாரை வினாவுவது என்பதை வினாவச் சென்றவரின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். சென்றவர் தமக்கு எளிதாக அகப்பட்டோரை வினாவினர். சிறுவனின் கையை விலக்கிப் பெரியவரின் கையைக் குடத்துக்குள் விட்டதற்கு இஃது ஒப்பாகும். மேலும், தேர்தலுக்குப் பல நாள் முன்னரே வினாவுதலை நிறுத்திவிட்டார்கள். பதம் பார்த்தபின்னும் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

இனி, நம் பாராளுமன்ற முறைக்குத் தாயகமாகிய பிரித்தானியாவை நோக்குவோம். அங்கே கணிப்பின் வரலாறு ஒரு வியப்போடு தொடங்குகின்றது. 1945இல் போர் முடிந்த வேளையில் நடைபெற்ற பொதுத் தேர்தலிலே, வெற்றி வீரராகிய சேர்ச்சில் தோற்பார் என்று நினைத்தவர் சிலரே. நியூஸ் குறொனிக்கிள் என்னும் பத்திரிகை வெளியிட்ட கலப் கணிப்போ தொழிற்கட்சி முன்னிற்கின்றது என்று காட்டியது. அதனைப் பெரும்பாலார் பொருட்படுத்தவில்லை; அப்பத்திரிகையே அதனைப் பெரிதாக எடுத்துரைக்கவில்லை. தொழிற்கட்சி 393 ஆசனங்களைப் பெற்றது. ஆலமரத்தடியில் இருந்து கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டோர் ஒன்று நினைத்தனர். வீடுதோறும் சென்று வினாவியோர் வேறொன்று கண்டனர். வினாவியோர் கண்டதே மெய்யாயிற்று.

1992இல் நிலை மாறியது. ஏப்பிரில் 9ஆந் தேதி நடைபெற்ற தேர்தலுக்கு முன் வெளிவந்த இறுதிக் கணிப்புக்களைச் சேர்த்துப் பார்த்தால், தொழிற்கட்சி ஒரு நூலளவு முன்னின்றது. முடிவிலே ஜோன் மேஜரின் பழைமைபேண் கட்சி நூற்றுக்கு ஏழுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் முந்தியது. ஆராய்ந்தோர் மூன்று காரணங்களைக் கண்டனர். சிலர் கடைசி நாட்களில் மனம் மாறினர். பங்கு வகுக்கப் பயன்படுத்திய குடிமதிப்பு விவரங்கள் பழையன. மூன்றாவது காரணமே நம் சிந்தனைக்கு உரியது. அக்கட்சிக்கு வாக்களிக்க எண்ணியோர் சிலர், அவ்வாறு சொல்வது பிறர் முன் அழகன்று என்று கருதி விடை கூற மறுத்தனர். வாயில் நின்றவனுக்கு ஒரு சொல். வாக்குச்சாவடித் திரைக்குள்ளே வேறொரு புள்ளடி.

2015இல் வழு மீண்டும் நேர்ந்தது. மே 7ஆந் தேதித் தேர்தலுக்கு முன், இரு பெருங் கட்சிகளும் நூற்றுக்கு 34 வாக்கை ஒட்டிச் சமமாக நிற்கின்றன என்று கணிப்புக்கள் கூறின. ஒரு கட்சிக்கும் பெரும்பான்மை கிடையாது என்று நாடே நம்பிற்று. தேர்தற் பிரசாரத்தின் பேச்செல்லாம், தொழிற்கட்சி ஸ்கொத்லாந்துத் தேசியக் கட்சியின் துணையோடு ஆட்சி அமைக்குமா என்பதாகவே இருந்தது. வாக்களிப்பு முடிந்த இரவு பத்து மணிக்கு, வாக்களித்து வெளிவந்தோரை வினாவித் தொகுத்த கணிப்பு வெளியாயிற்று. பழைமைபேண் கட்சிக்கு 316 ஆசனம், தாராண்மைக் கட்சிக்கு 10 ஆசனம் என்று அது சொல்லிற்று. அதனைக் கேட்ட தாராண்மைக் கட்சியின் முன்னைத் தலைவர் பாடி அஷ்டவுன், இது மெய்யானால் என் தொப்பியைத் தின்கிறேன் என்று தொலைக்காட்சியிலே கூறினார். அவர் கட்சிக்குக் கிடைத்தவை 8 ஆசனங்கள். பழைமைபேண் கட்சி 330 ஆசனங்களைப் பெற்றுத் தனித்தே ஆட்சி அமைத்தது.

அவ்வழுவை ஆராயப் பேராசிரியர் பற்றிக் ஸ்ரேர்ஜிஸ் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 1992ஐப்போல இம்முறையும் நாணி மறைத்தோரே காரணம் என்று பலர் எதிர்பார்த்தனர். 2016இல் வெளிவந்த அறிக்கை அதனை ஏற்கவில்லை. கடைசி நேர மனமாற்றத்தையும் பெருங் காரணமாகக் கொள்ளவில்லை. வினாவப்பட்டோர் கூட்டமே நாட்டின் சாயலாக அமையவில்லை என்றது அது. தொலைபேசியை உடனே எடுப்போர், இணையத்திலே விடையளிக்க முன்வருவோர் ஆகியோருள் தொழிற்கட்சியினர் அளவுக்கு மிஞ்சியிருந்தனர். தேர்தலின் பின், முகவரிகளைக் குலுக்கி எடுத்து, ஆள் இல்லாத வீட்டுக்குப் பலமுறை சென்று வினாவிய ஓர் ஆய்வு மெய்யான முடிவுக்கு மிக அணித்தான விடையைப் பெற்றது. எளிதில் அகப்படுவோரின் மனம் வேறு, தேடிப் பிடிக்க வேண்டியவரின் மனம் வேறு என்பது இதனாற் பெறப்பட்டது. 1936இன் பாடத்தையே எண்பது ஆண்டின் பின் மீண்டும் படித்தார்கள்.

அவ்வறிக்கை தொட்டுச் சென்ற மற்றொன்றும் உண்டு. அத்தேர்தலிலே கணிப்புக்கள் பல இருந்தும், அவை தம்முள் இயல்புக்கு மிஞ்சிய ஒற்றுமை உடையனவாயிருந்தன. குலுக்கி எடுக்கும் குடத்திலே முறைக்கு முறை சிறிது வேற்றுமை தோன்றுவதே இயல்பு. எல்லாரும் ஒரே விடை கூறினால் ஐயம் பிறக்கவேண்டும். பிறர் கண்டதைப் பார்த்துத் தம் கணக்கைத் திருத்திக்கொள்ளும் மந்தைக்குணம் இருந்திருக்கலாம் என்பதைக் குழு முற்றாக மறுக்கவில்லை.

இவ்விடத்திலே வள்ளுவரை நினையாதிருக்க முடியவில்லை. திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் என்றோர் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றன் செய்தியோடு ஒப்புநோக்க வேண்டும் என்பதும், மூவர் சொல் ஒத்தால் அதனைத் தெளியலாம் என்பதும் அங்கே கூறப்படுகின்றன. ஆனால் அதற்கு முன்னே அவர் ஒரு நிபந்தனை வைக்கின்றார்: ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியலாகாது. அறிந்தால் மூவர் சொல்லும் ஒருவர் சொல்லாகிவிடும். 2015இன் கணிப்பாளருள் ஒருவர் மற்றவரை அறியாதவரல்லர். ஒருவர் முடிவு இரவிலே வெளியானால் மற்றவர் காலையிலே அதனைப் படிக்கின்றார். தனித்து நின்று வேறுவிடை கூறத் துணிவு வேண்டும். 2017இல் அத்தகைய துணிவு ஒன்று காணப்பட்டது. பழைமைபேண் கட்சி பெரும்பான்மையை இழக்கும் என்று யூகவ் என்னும் நிறுவனம் தொகுதி தொகுதியாகக் கணக்கிட்டு வெளியிட்டபோது பலர் நகைத்தனர். அக்கட்சிக்குக் கிடைத்தவை 317 ஆசனங்கள், பெரும்பான்மை போயிற்று.

இனி, வாக்கை அளந்துவிட்டால் ஆசனத்தை அளந்ததாகாது என்பதும் கருதத்தக்கது. 2015இல் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி நூற்றுக்கு 12க்கு மேற்பட்ட வாக்கைப் பெற்றும் ஓர் ஆசனமே பெற்றது. ஸ்கொத்லாந்துத் தேசியக் கட்சி நூற்றுக்கு 5க்கும் குறைந்த வாக்கோடு 56 ஆசனங்களைப் பெற்றது. 2024இல் தொழிற்கட்சி நூற்றுக்கு 34க்கும் குறைந்த வாக்கைக்கொண்டு 650 ஆசனங்களுள் 411ஐக் கைப்பற்றியது. வாக்குகள் எங்கே செறிந்துள்ளன, எங்கே சிதறியுள்ளன என்பது அறியாதவன் வாக்கிலிருந்து ஆசனத்துக்குத் தாவினால் இடையிலே விழுவான்.

அண்டை நாடாகிய இந்தியாவிலே இவ்விடர் இன்னும் பெரிது. சாதி, மொழி, மாநிலம், கூட்டணி என்று பானைக்குள்ளே பல பானைகள். 2004இல் வாஜ்பாயி அரசு மீளும் என்று பெரும்பாலான கணிப்புக்கள் கூறின, மீளவில்லை. 2024 யூன் 1ஆந் தேதி இறுதிக் கட்ட வாக்களிப்பு முடிந்ததும் வெளிவந்த கணிப்புக்கள், ஆளுங் கூட்டணிக்கு 350 ஆசனங்களுக்கு மேல் என்றன. 400ஐத் தொட்டவையும் உண்டு. பங்குச் சந்தை யூன் 3இல் துள்ளி எழுந்தது. 4ஆந் தேதி வாக்கெண்ணிக்கை நடைபெற, ஒரே நாளில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 வீழ்ந்தது. பாரதிய ஜனதாக் கட்சிக்கு 240, கூட்டணிக்கு 293 என்று முடிவு வந்தது. கூட்டணி வென்றமையாற் கணிப்பு மெய்யாயிற்று என்று வாதிடலாம். தனிப் பெரும்பான்மையை இழக்கும் கட்சியை அசைக்க முடியாத கட்சியென்று காட்டிய அளவை, பதம் பார்த்த அளவையாகாது.

வழுவிய கணிப்பினால் விளையும் தீங்கு, கணிப்பாளருக்கு நேரும் நகையோடு நிற்பதில்லை. 2015இலே பிரித்தானிய மக்கள் வைத்தியசாலைகளையும் பள்ளிக்கூடங்களையும் பற்றி விவாதிக்க வேண்டிய வாரங்களில், வரப்போகாத ஒரு தொங்கு பாராளுமன்றத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தனர். இல்லாத ஒன்றைக் கருதிச் சிலர் வாக்கை இட்டிருக்கவும் கூடும். வெல்பவர் பக்கம் சாய்வோரும், வென்றுவிட்டோம் என்று வீட்டிலிருந்துவிடுவோரும் எந்நாட்டிலும் உளர். இதனாலேயே வாக்களிப்பு முடியுமுன் சிலவகைக் கணிப்புக்களை வெளியிடலாகாது என்று இந்தியா போன்ற நாடுகள் சட்டம் செய்திருக்கின்றன.

இவ்வளவும் கூறியபின், கணிப்பே வேண்டாம் என்று நான் முடிப்பேன் என வாசகர் எதிர்பார்க்கலாம். அவ்வாறு முடிக்க என் அனுபவம் இடந்தரவில்லை. அதனைச் சொல்லிவிடுகின்றேன்.

2024 ஒக்ரோபர் மாதம். நம் நாட்டிலே சனாதிபதித் தேர்தல் முடிந்து, பாராளுமன்றத் தேர்தல் நவம்பர் 14ஆந் தேதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஒருநாள் வகுப்பிலே இலக்கணப் பாடம் முடிந்தபின், ஒரு மாணவன், “ஐயா, யாழ்ப்பாணத்தில் இம்முறை எப்படி இருக்கும்?” என்று கேட்டான். நான் சிறிதும் தயங்காமல், “இங்கே என்ன மாற்றம்? பழைய கட்சிகளே ஆசனங்களைப் பங்கிட்டுக்கொள்ளும். தமிழ் மக்களின் எண்ணம் எனக்குத் தெரியாதா?” என்றேன். அவன் பணிவோடு, “ஐயா எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?” என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்துக் கடந்துவிட்டேன்.

முடிவு வந்தது. செப்ரெம்பரிலே சனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ்ப்பாண மாவட்டம் அளித்த வாக்குகள் 27,086. எட்டு வாரத்துக்குள், அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு அதே மாவட்டம் அளித்த வாக்குகள் 80,830. மாவட்டத்தின் 6 ஆசனங்களுள் 3 அக்கட்சிக்குச் சென்றன. நாடளவில் 225 ஆசனங்களுள் 159 அதற்குக் கிடைத்தன. ‘தமிழ் மக்களின் எண்ணம்’ என்று நான் ஒருமையிலே கூறிய சொல்லும் பொய்த்தது. மட்டக்களப்பு மாவட்டம் 5 ஆசனங்களுள் 3ஐ இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு அளித்து, அக்கட்சியையே முதலிடத்தில் வைத்தது. ஒரு பானை என்று நான் நினைத்தவை வெவ்வேறு அடுப்பில் ஏறிய வெவ்வேறு பானைகள்.

அன்றிரவு அம்மாணவனின் வினாவுக்கு உண்மையான விடையைத் தேடினேன். நான் யாரிடம் கேட்டிருந்தேன்? உடனாசிரியர் நால்வர். கோயில் வீதியில் மாலை வேளையில் என்னோடு இருப்போர் ஐவர். இலக்கிய வட்டத்து அன்பர் சிலர். ஏறத்தாழ எல்லாரும் ஆடவர். எல்லாரும் ஐம்பதைக் கடந்தோர். மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ பெறுவோர். கூலிக்குச் செல்லும் இளைஞன் ஒருவனையும் நான் கேட்கவில்லை. கடற்கரைப் பெண் ஒருத்தியையும் கேட்கவில்லை. என் வீட்டில் இருக்கும் மகளிரையே கேட்கவில்லை! லிற்றறரி டைஜெஸ்ற்றாவது ஒரு கோடி பேருக்கு எழுதிக் கேட்டது. நானோ பன்னிருவரைக் கேட்டுவிட்டு, ஓர் இனத்தின் வாயாகப் பேசினேன்.

இப்பிழை என் ஒருவனுடையதன்று. மேடையிலும் பத்திரிகையிலும் ‘மக்கள் நினைக்கின்றார்கள்’, ‘மக்கள் ஒருபோதும் ஏற்கமாட்டார்கள்’ என்று எழுவாயாக மக்களை நிறுத்திப் பேசும் நாம் எல்லேமும் கணிப்பாளரே. வேற்றுமை ஒன்றே: அவர்கள் தம் கணக்கைக் காட்டுகின்றார்கள், வழுவினால் அகப்படுகின்றார்கள், குழு வைத்து ஆராய்ந்து திருந்த முயல்கின்றார்கள். நாமோ கணக்கே வைப்பதில்லை. ஆதலின் அகப்படுவதும் இல்லை. கேளாதே மக்களின் பெயராற் பேசுவதினும், பிழைபட வினாவுவது மேலானது. பிழைபட வினாவினவன் திருந்தக்கூடும்.

ஆயினும், நம் மண்ணிலே வினாவுதல் எளிதன்று. உறவினனான ஓர் இளைஞன் ஓர் ஆய்வுக்காக வடமராட்சிக் கிராமம் ஒன்றிலே வீடு வீடாகச் சென்றான். ஒரு முதியவள் படலையைப் பாதி திறந்து, அவன் வினாவையெல்லாம் கேட்டுவிட்டு, “தம்பி, உங்களை ஆர் அனுப்பினது?” என்றாளாம். அவன் விளக்கினான். “எங்களுக்கு எல்லாரும் ஒண்டுதான், பிள்ளை. வெயிலுக்கை நிண்டு காயாதையுங்கோ. தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்று கூறித் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவன் தாளிலே ‘கருத்து இல்லை’ என்று எழுதிக்கொண்டான்.

கருத்து இல்லையா? முப்பது ஆண்டுப் போரிலே, பெயரும் ஊரும் கேட்டு வந்தோருக்கு உண்மை சொன்ன வீடுகள் என்ன பாடு பட்டன என்பதை அறிந்தவள் அவள். கேட்பவன் எவன் என்று அறியாமல் விடை கூறலாகாது என்பது அவள் கற்ற கல்வி. 1992இன் ஆங்கிலேயன் தன் எண்ணத்தை மறைத்தது நாணத்தினால். இவள் மறைத்தது அச்சத்தினால். நாணம் ஒரு தேர்தலோடு போய்விடும். அச்சம் ஒரு தலைமுறையோடும் போவதில்லை. திரையின் மறைவில் இடும் புள்ளடி ஒன்றே அவள் அச்சமின்றிச் சொல்லும் சொல். ஆகவே நம் நாட்டிலே கருத்துக் கணிப்பு மெய்யுரைக்க வேண்டுமாயின், குடத்தை நன்றாகக் குலுக்கினால் மாத்திரம் போதாது. படலையில் நிற்பவனுக்கு உண்மையைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு வரவேண்டும். அந்நம்பிக்கையை எக்கணிதமும் தராது. அச்சமற்ற வாழ்வே தரும்.

மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். இனி ஒரு தேர்தல் வரும்போது, பத்திரிகையிலே ஒரு கணிப்பைக் கண்டால், எண்ணைப் பார்க்குமுன் ஆறு வினாக்களைக் கேளுங்கள். பணம் கொடுத்துச் செய்வித்தவர் யார்? வினாவப்பட்டோர் எத்தனை பேர்? அவர்கள் எவ்வாறு தெரியப்பட்டனர்? எந்நாட்களில் வினாவப்பட்டனர்? வினா எச்சொற்களால் அமைந்தது? விடைகூற மறுத்தோர் எத்தனை பேர்? இவற்றுக்கு விடை தராத கணிப்பு, அச்சிலேறிய வதந்தி. விடை தந்த கணிப்பிலும் நூற்றுக்கு ஒன்று ஏறியது, இரண்டு இறங்கியது என்னும் தலைப்புக்களைப் பொருட்படுத்தாதீர்கள். அது குடத்தின் அசைவு, நாட்டின் அசைவன்று. வாக்களிப்பதாகக் கூறுவோர் எல்லாரும் வாக்குச்சாவடிக்குச் செல்வதில்லை என்பதையும் மறவாதீர்கள். நம் நாட்டிலே 2024 செப்ரெம்பரில் நூற்றுக்கு 79 பேர் வாக்களித்தனர். நவம்பரில் 69 பேரே வாக்களித்தனர்.

இவ்வினாக்களை ‘மக்கள் எண்ணம் இது’ என்று யாரேனும் மேடையிலே முழங்கும்போதும் கேளுங்கள். உங்கள் பண்டிதர் வகுப்பிலே சொல்லும்போதும் கேளுங்கள்.

அம்மாணவன் இப்பொழுது எங்கள் கல்லூரியில் இல்லை. அவன் கேட்டபோது வகுப்பு ஏன் சிரித்தது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஆசிரியனை அவ்வாறு கேட்பது வழக்கமில்லை என்பதனாற் சிரித்திருப்பார்கள். அவனை மீண்டும் காண நேர்ந்தால், “பன்னிரண்டு பேர், தம்பி” என்று விடை சொல்ல விரும்புகின்றேன்.